டெஸ்ட் ஆடுகளமும் வெளிநாட்டு அணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு டெஸ்ட் மூன்றாம் நாள் மதியம் முடிந்துபோனால் போதும், இந்தக் கேள்விகள் வரிசையாக வந்துவிடும். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே போட்டிருக்கிறோம். இந்தியாவுக்கு வரும் அணிகளைப் பற்றித்தான் பெரும்பாலும் பேச்சு. தேவைப்படும் இடத்தில் மற்ற நாடுகளும் வரும்.

1. "22 யார்டு மண்ணுதானே? தண்ணி தெளிச்சு உருட்டிவிட்டா போதாதா, எதுக்கு ரெண்டு வாரம்?"

ஸ்டம்புக்கு ஸ்டம்ப் 20.12 மீட்டர், அகலம் 3.05 மீட்டர். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். விஷயம் அதற்குக் கீழே இருக்கிறது: ஏறக்குறைய ஒரு அடி ஆழத்துக்குக் களிமண், அதற்கும் கீழே தண்ணீர் வடிய மணலும் ஜல்லியும். ஈரத்தில் அமுக்கப்பட்ட களிமண் காயக் காயக் கெட்டிப்படும். அந்தக் கெட்டிதான் பவுன்ஸ். மேலே ஒரு விரற்கடை மட்டும் இறுகி, கீழே பொதபொதவென்று இருந்தால் பந்து எழும்பாமல் நின்று வரும்.

அதனால் ஆட்டத்துக்குப் பத்துப் பதினாலு நாள் முன்னால் பிட்ச்சை நன்றாக ஊறவிடுவார்கள். தண்ணீர் நாலு அங்குலமாவது கீழே இறங்க வேண்டும். பிறகு மேல்மண் கையில் ஒட்டாமல், ஆனால் பிசைந்தால் உருண்டை பிடிக்கும் பதத்துக்கு வரும்வரை காத்திருந்து, அரை டன் அளவிலான சின்ன ரோலரில் ஆரம்பிப்பார்கள். முதலில் குறுக்காக, பிறகு நீளவாக்கில். நாள் போகப் போக எடை ஏறும். கடைசியில் ஒன்றரை, இரண்டு டன். நடுநடுவே சீவி, செத்த புல்லை வாரி எடுத்து, புல்லின் உயரத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

2. "அவ்வளவு உருட்டியும் சில பிட்ச் ஏன் செத்த பிட்ச்சா இருக்கு?"

உருட்டிய நேரம் தப்பு. ஈரம் அதிகமாக இருக்கும்போது கனமான ரோலரை ஏற்றினால் ரோலருக்கு முன்னால் மண் அலைபோல் நகரும், மேல்தோல் மூடிக்கொள்ளும். உள்ளே மாட்டிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அப்படியே நிற்கும். பார்த்தால் பளபளவென்று இருக்கும். பந்து விழுந்தால் ஒன்று வேகமாக வரும், ஒன்று நின்று வரும். முழுக்கக் காய்ந்தபின் உருட்டினாலோ மண் நெருங்கவே நெருங்காது. நாள் முழுக்க ஓட்டினாலும் டீசல் செலவுதான்.

இன்னொரு கோளாறு பல வருடமாகச் சேர்வது. சீசன் முடிந்ததும் மேலே புது மண் போடுவார்கள். அது பழைய மண்ணோடு ஒத்துப்போகாத ரகமாக இருந்தாலோ, இடையில் செத்த புல் ஒரு படலமாகத் தங்கிவிட்டாலோ, இரண்டு அடுக்கும் ஒட்டாது. பந்தின் வேகத்தை அந்த இடைவெளி விழுங்கிவிடும். ரோலரால் தீர்கிற வியாதி இல்லை இது. தோண்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும்.

3. "புல் இருந்தா ஃபாஸ்ட் பௌலருக்கு, இல்லேன்னா ஸ்பின்னுக்கு. இவ்வளவுதானே கணக்கு?"

பாதிக் கணக்கு. புல்லுக்கு முதல் வேலை தண்ணீர் இறைப்பது. வெயில் மேல் ஈரத்தை மட்டும் இழுக்கும். ஆழத்தில் இருக்கும் ஈரத்தை வேர்தான் உறிஞ்சி வெளியே தள்ளும். வேர் பலமாக இருந்தால் பிட்ச் அடிவரை ஒரே சீராகக் காயும், மண்ணையும் அது பிடித்து வைத்திருக்கும். இந்தியாவில் இதற்குப் போடுவது நம் அறுகம்புல் வகைதான். ஆஸ்திரேலியாவிலும் அதே இனம். இங்கிலாந்தில் வேறு புல்.

பந்து பிட்ச்சில் பட்டு இரண்டு பக்கமும் நகர, உயிருள்ள பச்சைப் புல்லும் கொஞ்சம் ஈரமும் சேர வேண்டும். காய்ந்து வைக்கோல் நிறமான புல் அப்படி நகர்த்தாது. மண்ணைக் கட்டிப்போட்டு, பேட்ஸ்மேனுக்குத்தான் உதவும். அளவு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு மெல்போர்ன் 2025 பாக்ஸிங் டே டெஸ்ட் போதும். 10 மில்லிமீட்டர் புல் விட்டார்கள், ஆட்டம் இரண்டே நாளில் முடிந்தது, ஐசிசி அதற்குத் 'திருப்தியில்லை' என்று மதிப்பெண் போட்டது.

4. "செம்மண் பிட்ச், கரிசல் பிட்ச்னு கமென்ட்ரில சொல்லிட்டே இருக்காங்களே, ஆடும்போது என்ன வித்தியாசம் தெரியும்?"

கரிசலில் களி அதிகம். ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஆனால் வெடிப்புக்கு இடையே உள்ள பாளம் கெட்டியாக நிற்கும். அதனால் பந்து மெதுவாக, தாழ்வாக வரும். ஆட்டம் நாலாம் ஐந்தாம் நாளுக்கு இழுக்கும். செம்மண்ணில் களி குறைவு, மணல் கூடுதல். ஈரம் இருக்கும்போது நல்ல பவுன்ஸ் தரும். ஈரம் போனதும் பொடிப்பொடியாக உதிரும். சுழலும் பந்து அதில் திரும்புவதோடு எழும்பவும் செய்யும். மும்பை வான்கடே செம்மண். சேப்பாக்கத்திலும் அகமதாபாத்திலும் இரண்டும் உண்டு.

ஒரே மைதானத்தில் பிட்ச்சுக்குப் பிட்ச் எவ்வளவு மாறும் என்பதைச் சேப்பாக்கத்தில் 2021 பிப்ரவரியில் அடுத்தடுத்துப் பார்த்தோம். முதல் டெஸ்ட்டில் பிட்ச் முதல் இரண்டு நாள் அசையவே இல்லை. ஜோ ரூட் 218, இங்கிலாந்து 578, கடைசியில் 227 ரன்னில் வெற்றி. இரண்டாவது டெஸ்ட்டுக்கு வேறொரு பிட்ச்சை எடுத்தார்கள். முதல் நாளிலேயே தூசி. இங்கிலாந்து 134க்குச் சுருண்டு, இந்தியா 317 ரன்னில் ஜெயித்தது. மைதானம் ஒன்று, ஊர் ஒன்று, இடைவெளி சில நாள்தான். 'சென்னை பிட்ச் எப்படி?' என்று மொட்டையாகக் கேட்பதில் அர்த்தமில்லை என்பது இதனால்தான்.

5. "மேட்ச்சுக்கு முன்னாடி பெருமழை பெஞ்சா என்ன பண்ணுவாங்க?"

தார்ப்பாய் போட்டு மூடினாலும் வெயில் இல்லாமல் கடைசிக் கட்ட உலர்தல் நடக்காது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டது. 16ஆம் தேதி இங்கிலாந்தோடு டெஸ்ட். ஊழியர்கள் தட்டுகளில் கனல் கரியை நிரப்பி, பிட்ச்சுக்கு மேலே பிடித்து அங்குலம் அங்குலமாகக் காயவைத்தார்கள்.

இப்படிக் காய்வது மேலடுக்கு மட்டும்தான். அடியில் ஈரம் இருக்கும்வரை மண் உடையாது, பிட்ச் படுத்துவிடும். அப்படியே நடந்தது. இங்கிலாந்து 477, இந்தியா 7 விக்கெட்டுக்கு 759, கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303. ஆனால் அந்தப் பிட்ச்சிலும் கடைசி நாளில் ஜடேஜா 7 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 207க்கு மடக்கினார். ஐந்து நாள் மிதிபட்ட மண், களைத்த கால்கள், பெரிய ஸ்கோரின் சுமை. விக்கெட் விழ இவையும் காரணம்.

6. "ஆட்டம் ஆரம்பிச்சப்புறம் ஹோம் டீம் பிட்ச்ல கை வைக்க முடியுமா? ஹெவி ரோலர் யார் முடிவு?"

கை வைக்க முடியாது. தயாரிப்பும் எந்தப் பிட்ச் என்ற தேர்வும் மைதான நிர்வாகத்தின் பொறுப்பு. ஆட்டம் தொடங்கினால் கட்டுப்பாடு அம்பயர்களிடம் போய்விடும். ஆட்டத்தின்போது பிட்ச்சுக்குத் தண்ணீர் விடக் கூடாது. ரோலர் போடுவதை பேட்டிங் அணியின் கேப்டன் கேட்கலாம்: இரண்டாம் நாளிலிருந்து ஒவ்வொரு நாள் ஆட்டத்துக்கும் முன்பும், முதல் இன்னிங்ஸ் தவிர மற்ற இன்னிங்ஸுக்கு முன்பும், அதிகபட்சம் 7 நிமிடம். கனமானதா லேசானதா என்பதும் அவர் விருப்பம்.

வெளியூர் கேப்டன்கள் இங்கே தடுமாறுவது உண்டு. களி மிகுந்த பிட்ச்சில் கன ரோலர் வெடிப்புகளின் விளிம்பை அமுக்கிக் கொஞ்ச நேரத்துக்கு அடக்கி வைக்கும். உதிர்கிற செம்மண்ணில் அதே ரோலர் பாளத்தை நொறுக்கிவிடக்கூடும். தன் ஊர்ப் பழக்கத்தில் ரோலரைத் தேர்ந்தெடுத்தால் எதிரணிக்கு வேலை மிச்சம்.

7. "ஆஃப் ஸ்பின்னர்கள் இடது கை பேட்ஸ்மேனை மட்டும் படுத்தி எடுக்கறாங்களே, இதுல பிட்ச்சுக்கு என்ன சம்பந்தம்?"

நேரடிச் சம்பந்தம். வலது கை வேகப்பந்து வீச்சாளர் ஓவர் த விக்கெட் (வீசும் கை ஸ்டம்புப் பக்கம் இருக்கும்படி) போடும்போது அவருக்கு இடப்பக்கமாக இறங்கி ஓடுவார். அந்த முனையில் நின்று ஆடும் வலது கை பேட்ஸ்மேனுக்கு அது லெக் ஸ்டம்புக்கு வெளியே. இடது கைக்காரருக்கு ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே. பெரும்பாலான வேகப்பந்து வீச்சாளர்கள் வலது கை என்பதால் மூன்றாம் நாளுக்குள் அங்கே குழி விழுந்து மண் கிளறிவிடும். ஆஃப் ஸ்பின்னர் அந்த ரஃப்பில் (கிளறிய இடத்தில்) பந்தை விழவைத்தால் போதும். ஒன்று வெளியே திரும்பும், ஒன்று நேராக உள்ளே வரும். ஆஸ்திரேலியாவின் மிட்செல் ஸ்டார்க் மாதிரி இடது கை வேகம் அணியில் இருந்தால் ரஃப் வலது கைக்காரரின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே உண்டாகும். அதே அணியின் ஆஃப் ஸ்பின்னர் நேத்தன் லயனுக்கு அது எவ்வளவு உதவியிருக்கிறது என்பது ஊரறிந்தது.

2023 நாக்பூர் டெஸ்ட்டுக்கு முன், இடது கைக்காரர்களுக்குத் தொல்லை தரும் பகுதியை மட்டும் தண்ணீர் விடாமல் காயவிட்டார்கள் என்று ஆஸ்திரேலிய ஊடகங்கள் எழுதின. இருக்கட்டும். அதே பிட்ச்சில் இடது கைக்காரர்களான ஜடேஜா 70, அக்சர் படேல் 84 எடுத்தார்கள். இந்தியா 400 அடித்து இன்னிங்ஸ் மற்றும் 132 ரன்னில் ஜெயித்தது.

8. "தனக்கு வேண்டிய மாதிரி பிட்ச் போடறது ஏமாத்து வேலை இல்லையா?"

விதிப்படி இல்லை, 6ஆம் கேள்வியில் சொன்னபடி அது உள்ளூர் நிர்வாகத்தின் உரிமை. இங்கிலாந்தும் நியூசிலாந்தும் பச்சைப் பிட்ச் போடுவதும் இதே உரிமையில்தான். முதல் நாளே பந்து திரும்பினால் மட்டும் பதறுவது, முதல் நாளே பந்து ஸ்விங்காகி சீமாகும்போது ரசிப்பது, இரண்டும் ஒருவரே செய்தால் அது பழக்கக் கோளாறு.

ஆனால் எல்லை உண்டு. மேட்ச் ரெஃப்ரி ஒவ்வொரு பிட்ச்சுக்கும் மதிப்பெண் போடுவார். 2018 முதல் ஆறு படிகள் இருந்தன; 2023 இறுதியில் அதை நான்காகச் சுருக்கினார்கள்: மிக நன்று, திருப்தி, திருப்தியில்லை, ஆடத் தகுதியில்லை. கடைசி இரண்டுக்கும் முறையே 1, 3 தண்டப் புள்ளிகள். ஐந்து வருடத்துக்குள் 6 சேர்ந்தால் அந்த மைதானம் சர்வதேச ஆட்டம் நடத்தும் உரிமையை இழக்கலாம்.

9. "பந்து ரொம்பத் திரும்பினா மோசமான பிட்ச்சா?"

திருப்பத்தை பேட்ஸ்மேன் கணிக்க முடியும். கணிக்க முடியாதது சீரற்ற பவுன்ஸ்: ஒரே நீளத்தில் விழும் இரண்டு பந்தில் ஒன்று கணுக்காலுக்கும் ஒன்று கையுறைக்கும் போவது. 2023 இந்தூர் டெஸ்ட்டில் ஐந்தாவது பந்திலேயே மேல்பரப்பு உடைந்துவிட்டது என்பதுதான் ரெஃப்ரியின் குறை. பழைய ஆறு படி முறையில் முதலில் 'மோசம்' என்று 3 புள்ளி போட்டு, இந்திய வாரியம் மேல்முறையீடு செய்தபின் 'சராசரிக்குக் கீழ்' என்று 1 புள்ளியாகக் குறைத்தார்கள்.

சுழலுக்கு மட்டும்தான் தண்டனை என்பதும் தப்பு. 2024 ஜனவரியில் கேப்டவுனில் வேகப்பந்து வீச்சில் 642 பந்தில் டெஸ்ட் முடிந்தது. முடிவு கிடைத்த டெஸ்ட்டுகளில் இதுதான் மிகக் குறுகியது. அதற்கும் 'திருப்தியில்லை'. எதுவுமே நடக்காத பிட்ச்சும் மாட்டும்: 2022 மார்ச்சில் ராவல்பிண்டியில் ஐந்து நாளில் விழுந்தது 14 விக்கெட், 'சராசரிக்குக் கீழ்'.

10. "டர்னர் போட்டா நாமதானே ஜெயிக்கணும்? அப்புறம் நியூசிலாந்துகிட்ட 3-0 எப்படி?"

ஏனென்றால் எல்லை மீறிய டர்னர் (பந்து அதிகம் திரும்பும் பிட்ச்) நல்ல ஸ்பின்னருக்கும் சுமார் ஸ்பின்னருக்கும் உள்ள இடைவெளியை அழித்துவிடும். சாதாரண பிட்ச்சில் விக்கெட் எடுக்க, காற்றில் பந்தை மிதக்கவிட வேண்டும், சட்டென்று இறக்க வேண்டும், வேகத்தை மாற்ற வேண்டும். அஸ்வினுக்கு இதெல்லாம் கைவந்த கலை. வந்து இறங்கும் ஸ்பின்னர்களில் பலருக்கு வராது. ஆனால் மண் முதல் நாளே உதிர்ந்தால் இந்த வித்தை எதுவும் தேவையில்லை. ஒரே இடத்தில் கொஞ்சம் வேகமாகப் போட்டுக்கொண்டே இருந்தால், ஒன்று திரும்பும், ஒன்று திரும்பாமல் சறுக்கும். எது எது என்று போட்டவருக்கே தெரியாது, பேட்ஸ்மேனுக்கு எங்கே தெரியும்?

பட்டியல் நீளம். 2012 மும்பையில் இங்கிலாந்தோடு ஆட டர்னர் கேட்டு வாங்கினோம். பனேசரும் ஸ்வானும் 19 விக்கெட் எடுத்தார்கள். 2017 புனேயில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஓ'கீஃப் 12 விக்கெட், இந்தியா 105, 107. 2023 இந்தூரில் லயன் 11 விக்கெட். 2024இல் பெங்களூருவில் ஈரமான பிட்ச்சில் 46க்குச் சுருண்டு தோற்றபின், தொடரைப் பிடிக்க புனேயில் சுழல் பிட்ச் போட்டார்கள். சான்ட்னர் 13 விக்கெட் எடுத்தார். அடுத்து மும்பையில் 147 துரத்தி 121. சொந்த மண்ணில் தொடர்ந்து 18 தொடர்கள் ஜெயித்த ஓட்டம் அந்தத் தொடரோடு முடிந்தது. 2025 நவம்பரில் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவோடு 124 துரத்தி 93. சைமன் ஹார்மருக்கு 8 விக்கெட்.

அஸ்வின், ஜடேஜா காலத்து இந்தியாவுக்கு ஏற்றது மூன்றாம் நாளிலிருந்து மெல்லத் திரும்பும் பிட்ச்தான். முதல் இரண்டு நாளில் 400 அடிக்க இடம் கொடுத்து, பிறகு நெருக்குவது. இந்திய ஸ்பின்னரின் மேன்மை தெரிய அந்த மூன்று நாள் வேண்டும். அவசரத்தில் அதைத்தான் விட்டுக்கொடுத்தோம்.

11. "முல்தான்ல ராட்சச ஃபேன் வெச்சுக் காயவெச்சாங்களே, அது செல்லுமா?"

செல்லும். 2024 அக்டோபரில் முதல் டெஸ்ட்டில் பாகிஸ்தான் 556 அடித்தும் இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 823 குவித்து இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. இரண்டாவது டெஸ்ட்டுக்குப் புதுப் பிட்ச் எடுக்காமல் அதே மிதிபட்ட பிட்ச்சையே ஃபேன்களால் உலர்த்தி வைத்தார்கள். சாஜித் கானும் நோமன் அலியும் 20 விக்கெட்டையும் பகிர்ந்துகொண்டார்கள். டாஸுக்கு முன்னால் நடந்ததால் விதி எதுவும் மீறப்படவில்லை. புதுப் பிட்ச்தான் தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இதுவும் 10ஆம் பதிலின் பொறியில் விழுந்தது. மூன்று மாதம் கழித்து அதே முல்தானில் அதே வைத்தியம்; வெஸ்ட் இண்டீஸின் ஜோமெல் வாரிக்கன் சுழலில் பாகிஸ்தான் தோற்றது.

12. "வர்ற டீம் முன்னாடி மாதிரி பயிற்சி மேட்ச் ஆடறதே இல்லையே, ஏன்?"

நாள் இல்லை என்பது ஒரு காரணம். ஆடினாலும் பயன் இல்லை என்பது பெரிய காரணம். பயிற்சி ஆட்டத்துக்குப் புல் உள்ள பிட்ச்சையும் டெஸ்ட்டுக்கு வறண்ட பிட்ச்சையும் கொடுப்பது எல்லா நாட்டிலும் நடக்கிற பழைய விளையாட்டு. 2023இல் ஆஸ்திரேலியா இதைத் தவிர்த்து, சிட்னியிலேயே ஒரு பிட்ச்சைக் கெடுத்து வைத்து ஆடியது. பிறகு பெங்களூரு அருகே ஆலூரில், அஸ்வினைப் போலவே பந்து வீசும் பரோடா இளைஞர் மகேஷ் பித்தியாவை வலைப்பயிற்சிக்கு வைத்துக்கொண்டது.

ஆனால் கிளறிவிட்ட பிட்ச் திருப்பத்தைத் தரும், இந்திய மண்ணின் தாழ்வான பவுன்ஸைத் தராது. அதன் விளைவு அடுத்த பதிலில்.

13. "ஸ்வீப் ஆடினா ஸ்பின்னை சமாளிச்சிடலாம்னு சொல்றாங்களே?"

பவுன்ஸ் இருந்தால். 2001இல் மேத்யூ ஹேடன் ஸ்வீப்பை நம்பியே மூன்று டெஸ்ட்டில் 549 ரன் எடுத்தார். 2021இல் ரூட்டின் 218இலும் அதற்குப் பெரிய பங்கு. பந்து தாழும் பிட்ச்சில் அதே ஷாட் எமன். 2023 டெல்லியில் மூன்றாம் நாள் காலை ஆஸ்திரேலியா ஸ்வீப்பும் ரிவர்ஸ் ஸ்வீப்புமாக ஆடி 113க்கு விழுந்தது. ஜடேஜாவுக்கு 7 விக்கெட். மட்டையைக் குறுக்கே வீசும்போது பந்து அதன் அடியில் போய்விடும், பின்னால் காலோ ஸ்டம்போ இருக்கும். அங்கே பிழைப்பவர்கள் முழுக்க முன்னால் வருவார்கள், இல்லையென்றால் கிரீஸுக்குள் ஆழமாகப் போய்க் கடைசி நொடியில் ஆடுவார்கள். நடுவில் மாட்டுபவர் அவுட்.

14. "நம்ம ஆளுங்க வெளிய போனா திணறறது பிட்ச்சாலயா, பந்தாலயா?"

இரண்டும். இந்தியாவில் எஸ்ஜி பந்து, இங்கிலாந்திலும் வெஸ்ட் இண்டீஸிலும் டியூக்ஸ், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்தில் கூக்கபுரா. டியூக்ஸின் கைத்தையல் நாளெல்லாம் துருத்திக்கொண்டு நிற்கும். கூக்கபுராவின் தையல் சீக்கிரம் படிந்துவிடும். அதனால் ஆஸ்திரேலியாவில் புதுப்பந்தைத் தாண்டினால் ரன் வரும். இங்கிலாந்தில் எந்த நேரமும் நம்ப முடியாது. பெர்த்தில் நல்ல நீளத்தில் விழுந்த பந்து ஸ்டம்புக்கு மேலே போகும், விட்டுவிடலாம். அதே நீளம் ராஜ்கோட்டில் நடு ஸ்டம்பைப் பெயர்க்கும். எதை விடலாம் என்ற கணக்கை மாற்றிக்கொள்ளத்தான் நாள் பிடிக்கிறது. லார்ட்ஸில் மைதானமே ஒரு பக்கமாக இரண்டரை மீட்டர் சரிவு. ஆஃப் ஸ்டம்ப் எங்கே என்பதே குழம்பும்.

மெல்போர்ன், அடிலெய்டு, பெர்த் புது ஸ்டேடியம் போன்ற இடங்களில் பிட்ச்சை இரும்புத் தட்டில் வெளியே வளர்த்துக் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். அந்த மைதானங்களில் ஆஸ்திரேலிய வகைக் கால்பந்தும் நடக்க வேண்டுமே.

15. "பேசாம டாஸை எடுத்துட்டு, வந்த டீமே தேர்ந்தெடுக்கட்டும்னு வெச்சா என்ன?"

இங்கிலாந்தின் உள்நாட்டுக் கவுன்ட்டி போட்டியில் 2016 முதல் 2019 வரை ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது: வெளியூர் அணி விரும்பினால் டாஸ் இல்லாமலே முதலில் பந்து வீசலாம். பச்சைப் பிட்ச் போடும் ஆசையை அடக்குவது நோக்கம். பிறகு கைவிட்டார்கள். டெஸ்ட்டுக்கு வந்தால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி சப்பைப் பிட்ச் வரும் அபாயம் உண்டு. இப்போதிருக்கும் சூதாட்டமே மேல் என்பது எங்கள் கட்சி.

16. "முந்தின நாள் டிவில பிட்ச்சைக் காட்டும்போது எதைப் பார்க்கணும்?"

நிறம் முதலில். கருமை ஈரம், சாம்பல் வெளுப்பு வறட்சி. இரண்டு முனைகளிலும் நல்ல நீளப் பந்து விழும் இடம் நடுப்பகுதியைவிட வெளுத்திருந்தால் சுழலுக்கு விரித்த பாய். வெடிப்பு இருப்பது பெரிதல்ல, அதன் விளிம்பைப் பாருங்கள்: கூர்மையாக இருந்தால் இரண்டு நாள் தாங்கும், உதிர்ந்திருந்தால் தாங்காது. யாராவது கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிறதா என்றும் கவனியுங்கள். விழுந்தால் முதல் காலை வேகப்பந்துக்கு, அதன்பின் பேட்டிங்குக்கு.

மறுநாள் பிட்ச்சை விட்டுவிட்டுக் கீப்பரைப் பாருங்கள். முதல் பத்து ஓவரில் அவர் பந்தை இடுப்பு உயரத்தில் பிடிக்கிறாரா, முழங்காலுக்குக் கீழே குனிந்து அள்ளுகிறாரா, ஸ்லிப்காரர்கள் ஓவருக்கு ஓவர் ஒரு அடி முன்னால் நகர்கிறார்களா. நிபுணர்கள் மதிய உணவு இடைவேளையில் சொல்லப்போவது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.